வேறு ப்ராசஸருக்கான நிரல் எமுலேட்டரில் நின்றுபோனால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சி மொழி பழக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்தவர்கள். அவர்கள் கையில் இருப்பவை இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர் உள்ள பழைய மடிக்கணினிகள். அவர்கள் எழுத விரும்பும் நிரல்களோ மீன் ஏலம் நடக்கும் இடத்து எடை மெஷின், கடையில் பில் அடிக்கும் கருவி, விசைப்படகில் பொருத்தும் ஜிபிஎஸ் பெட்டி போன்றவற்றுக்கானவை. அத்தகைய கருவிகளுக்குள் பெரும்பாலும் ஆர்ம் ப்ராசஸர்தான் இருக்கிறது. அந்த ப்ராசஸர் உள்ள போர்டை ஆளுக்கொன்று வாங்க வசதி இல்லாத இடத்தில், வேறு ப்ராசஸரைப் போலவே நடித்து அதன் நிரலை ஓட்டித்தரும் மென்பொருளான எமுலேட்டர்தான் கைகொடுக்கிறது. அதில் நிரல் பாதியில் நின்றுபோகும்போது ஏறக்குறைய எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, எமுலேட்டர் சரியில்லை." நான் பார்த்தவரை அந்தத் தீர்ப்பு மிக அரிதாகவே சரியாக இருந்திருக்கிறது. ஆகவே இந்த க்ராஷ் நிரலுடையதா, நிரலைச் சுற்றியுள்ள சூழலுடையதா, எமுலேட்டருடையதா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

லினக்ஸ் கணினியும் கியூஎமு என்ற எமுலேட்டரும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டுத் தொடங்கிய திட்டம் அது. அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, முழுக் கணினியையும் பாவனை செய்து அதற்குள் வேறொரு கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றுவது. மற்றொன்று, ஒரே ஒரு நிரலை மட்டும் எடுத்து, அதன் ஆணைகளைச் சிறு துண்டுகளாக நம் ப்ராசஸரின் ஆணைகளுக்கு மாற்றி ஓட்டி, அந்த நிரல் கெர்னலிடம் கேட்பவற்றை நம் கெர்னலிடமே மொழிபெயர்த்துக் கேட்பது. பழகுபவர்களுக்கு இரண்டாவது முறை போதும்; கீழே வருபவை அதைப் பற்றியவை. உள்ளே ஓடுவதை 'உள் நிரல்' என்றும் நம் கணினியை 'வெளிக் கணினி' என்றும் குறிப்பிடுகிறேன்.

முதல் படி: கோப்பு எந்த ப்ராசஸருக்கானது என்று உறுதிசெய்தல்

ஆர்ம் நிரலை இன்டெல் கணினியில் நேரடியாக இயக்கினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்ற செய்தி வரும். இது க்ராஷ் அன்று. கெர்னல் அந்தக் கோப்பை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். 'ஃபைல்' கட்டளையோ 'ரீட்எல்ஃப்' கட்டளையின் ஹைஃபன் ஹெச் விருப்பமோ கோப்பின் தலைப்பைப் படித்துச் சொல்லிவிடும். தலைப்பில் ப்ராசஸர் வகை ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும்: 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகைக்கு 62, 32 பிட் ஆர்முக்கு 40, 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-ஃபைவுக்கு 243. சென்னை ஐஐடியில் உருவான சக்தி ப்ராசஸர்கள் இந்த ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தவை என்பதால், கடைசி எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

இங்கே ஒரு குழப்பம் நேரலாம். சில கணினிகளில் 'பின்ஃபம்ட் மிஸ்க்' என்ற கெர்னல் வசதி முன்பே அமைந்திருக்கும். அப்போது ஆர்ம் நிரலின் பெயரை மட்டும் தட்டினாலும் கெர்னல் தானாகவே கியூஎமுவை அழைத்து ஓட்டிவிடும். எமுலேட்டர் இடையில் இருப்பதே தெரியாமல் அரை நாள் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் பிழை தேடும்போது எமுலேட்டரின் பெயரை முன்னால் வெளிப்படையாகத் தட்டியே இயக்குங்கள்.

இரண்டாம் படி: சூழலைச் சரிபார்த்தல்

நிரல் கண்முன்னே இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற செய்தி வருவது புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கிறது. காணாமல் போனது உங்கள் நிரல் அன்று. அந்த நிரலை நினைவகத்தில் ஏற்றித் தரவேண்டிய ஆர்ம் லோடர், அதாவது 'எல்டி-லினக்ஸ்' என்று தொடங்கும் கோப்பு, வெளிக் கணினியில் இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் ஆர்முக்கான கிராஸ் கம்பைலரை (ஒரு ப்ராசஸரில் ஓடி வேறொன்றுக்கான நிரலைக் கட்டும் கம்பைலரை) நிறுவும்போது அதற்குரிய லைப்ரரிகள் 'யூஎஸ்ஆர்' அடைவின் கீழ்த் தனி அடைவு ஒன்றில் வந்து சேரும். கியூஎமுவுக்கு ஹைஃபன் எல் என்ற விருப்பத்துடன் அந்த அடைவைக் காட்டினால், உள் நிரல் கேட்கும் லோடரையும் லைப்ரரிகளையும் அது அங்கே தேடிக்கொள்ளும்.

ஆர்மில் மிதவைப் புள்ளி (தசம) எண்களைக் கையாள இரண்டு மரபுகள் உண்டு. டெபியன் அவற்றை 'ஆர்ம்ஹெச்எஃப்', 'ஆர்மெல்' என்று பிரிக்கிறது. ஒன்றுக்காகக் கட்டிய நிரலுக்கு மற்றதன் லைப்ரரிகளைக் காட்டினால் அது ஓடாது. லைப்ரரிகள்மேல் சந்தேகம் வந்தால் நிரலை ஒருமுறை, லைப்ரரிகளையும் உள்ளேயே சேர்த்துவிடும் 'ஸ்டாட்டிக்' முறையில் கட்டி ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றுபோகாமல் ஓடினால், தேடவேண்டிய இடம் பெரும்பாலும் சூழல்தான். ஆனால் அந்த ஒரு சோதனையை மட்டுமே முழுச் சான்றாகக் கொள்ளவேண்டாம். கட்டும் முறை மாறும்போது நினைவக அமைப்பும் மாறும், அதனால் நிரலின் பிழையே தற்காலிகமாக மறைந்துகொள்ளவும் கூடும்.

மூன்றாம் படி: நின்றுபோகும்போது வரும் செய்தியைப் படித்தல்

உள் நிரல் தன் தவறால் நின்றால், பிடிபடாத சிக்னல் (கெர்னல் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) இன்ன எண் என்று கியூஎமு ஒரு வரி எழுதும். எமுலேட்டரே தடுக்கி விழுந்தால் அதன் செய்தி வேறு மாதிரி இருக்கும். புதிய பதிப்புகள் 'கியூஎமு இன்டர்னல்' என்ற சொற்களுடனேயே அதை அறிவிக்கின்றன. இந்த ஒரு வரியை முழுதாகப் படித்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் 'செக்மென்டேஷன்' என்ற சொல்லைக் கண்டதும் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சிக்னல் 11 என்றால் நிரல் தனக்கு உரிமை இல்லாத முகவரியைத் தொட்டிருக்கிறது. சிக்னல் 6 என்றால் நிரலோ அதன் லைப்ரரியோ தானே முறைகேட்டைக் கண்டுபிடித்து நின்றிருக்கிறது. அதற்கு முந்தைய வரியில் காரணம் எழுதியிருக்கும். சிக்னல் 4, அதாவது அறியாத ஆணை என்பதற்கு மட்டும் பல காரணங்கள் இருக்கலாம். எமுலேட்டர் பாவனை செய்யும் ப்ராசஸர் மாதிரியில் இல்லாத ஆணையை நிரல் பயன்படுத்தியிருக்கலாம். ஹைஃபன் சிபியூ விருப்பத்தில் 'மேக்ஸ்' என்று கொடுத்து இயக்கினால் இது தெரிந்துவிடும். நிரல் தவறான முகவரிக்குத் தாவி, தரவையே ஆணையாகப் படித்திருக்கலாம். அல்லது, இங்கே வரவே கூடாது என்று கம்பைலர் வேண்டுமென்றே வைத்த நிறுத்த ஆணையில் முட்டியிருக்கலாம். எமுலேட்டருக்கே ஓர் ஆணை தெரியாமல் இருப்பதும் உண்டு: இன்டெல் வகையின் ஏவிஎக்ஸ் ஆணைகளை மொழிபெயர்க்கும் திறன் கியூஎமுவுக்கு 7.2ஆம் பதிப்பில்தான் வந்தது.

ஷெல்லில் வெறும் எண் மட்டும் தெரிந்தால் அதிலிருந்து 128ஐக் கழித்துக்கொள்ளுங்கள்: 139 என்பது சிக்னல் 11, 134 என்பது சிக்னல் 6, 132 என்பது சிக்னல் 4.

நான்காம் படி: கெர்னலிடம் நிரல் கேட்டவற்றைப் பார்த்தல்

ஹைஃபன் ஸ்ட்ரேஸ் என்ற விருப்பத்துடன் இயக்கினால், உள் நிரல் கெர்னலிடம் கேட்ட ஒவ்வொன்றும் அதற்கு வந்த விடையும் வரிசையாகத் திரையில் வரும். கடைசிப் பத்துப் பதினைந்து வரிகள் போதும். ஜிபிஎஸ் பெட்டிக்கான நிரல் ஒன்று சீரியல் போர்ட்டைத் திறக்கக் கேட்டு, பிழை எண் 2 விடையாக வந்தபின், அடுத்த சில வரிகளில் சிக்னல் 11இல் முடிந்திருந்தது. மடிக்கணினியில் அந்தப் பெயரில் போர்ட் இல்லை. 'எஃப்ஓப்பன்' வெறும் சுழியைத் திருப்பியதைச் சோதிக்காமல், நிரல் அதிலிருந்து படிக்கப் போயிருந்தது. போர்டில் அந்த வயர் கழன்றாலும் நிரல் இதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே கடலுக்குப் போவதற்கு முன்பே அந்தக் குறை வெளிப்பட்டது நல்லதாயிற்று. பிழை எண் 38 வந்தால் பொருள் வேறு: அந்தக் கேள்வியைக் கெர்னலோ எமுலேட்டரோ செய்து தருவதில்லை.

ஐந்தாம் படி: ஜிடிபியை இணைத்து, நின்ற இடத்தைப் பார்த்தல்

ஜிடிபி என்பது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் பிழைதேடி. இந்தப் படியில் அவசரப்படவேண்டாம். நிரலை ஹைஃபன் ஜி, ஹைஃபன் ஓஜி ஆகிய கம்பைலர் விருப்பங்களுடன் மறுபடி கட்டுங்கள். எமுலேட்டருக்குள் ஆர்ம் ஜிடிபியை ஓட்ட முயலாதீர்கள். இன்னொரு நிரலைக் கண்காணிக்க அது பயன்படுத்தும் 'பிட்ரேஸ்' வசதியைக் கியூஎமு இந்த முறையில் தருவதில்லை. அதற்குப் பதிலாக, கியூஎமுவுக்கே ஹைஃபன் ஜி விருப்பத்துடன் 1234 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால், அது முதல் ஆணைக்கு முன்பே நின்று காத்திருக்கும். இன்னொரு முனையத்தில் 'ஜிடிபி-மல்டிஆர்க்' நிரலைத் திறந்து, 'செட் சிஸ்ரூட்' கட்டளையால் ஆர்ம் லைப்ரரிகளின் அடைவைக் காட்டி, 'டார்கெட் ரிமோட்' என்று அதே போர்ட்டில் இணைத்து, 'கன்டினியூ' கொடுங்கள். நின்றதும் மூன்றைப் பாருங்கள்: 'பிடி' கட்டளை தரும் அழைப்பு வரிசை, 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' தரும் ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள சிறு நினைவிடம்) மதிப்புகள், நின்ற இடத்தைச் சுற்றியுள்ள ஆணைகள்.

காசிமேட்டைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிய பில் நிரலை எடுத்துக்கொள்வோம். மீன் பெயரையும் விலையையும் தமிழிலேயே அச்சிடவேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. மடிக்கணினிக்காகக் கட்டியபோது நிரல் குறையில்லாமல் ஓடியது. ஆர்முக்காகக் கட்டி எமுலேட்டரில் ஓட்டியபோது, ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களெல்லாம் அச்சாகி, முதல் தமிழ்ப் பெயரான 'வஞ்சிரம்' வந்ததும் சிக்னல் 11இல் நின்றது. ஒரு பக்கம் ஓடி மறு பக்கம் நின்றால் குற்றம் எமுலேட்டருடையது என்றே தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நிரல் அன்று என்பதை மறக்கக்கூடாது. ஒரே மூலத்திலிருந்து இரண்டு கம்பைலர்கள் கட்டிய இரண்டு நிரல்கள் அவை.

ஜிடிபி காட்டிய ஆணை, ஓர் அட்டவணையிலிருந்து முகவரியை எடுத்து அந்த முகவரியில் படிக்கும் ஆணை. எடுத்த முகவரி 900. பூச்சியத்துக்கு இவ்வளவு அருகில் உள்ள எண்ணைக் கண்டால், அது முகவரியே இல்லை, முகவரி இருக்கவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த வேறொரு மதிப்பு என்று ஊகிக்கலாம். அட்டவணையின் சுட்டெண் இருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தோம்: 224. ஆனால் அட்டவணையில் இருந்தவை ஆங்கில எழுத்துகளுக்கான 128 இடங்கள் மட்டுமே. ஓர் இடத்துக்கு 4 பைட் வீதம் அட்டவணை 512 பைட்டில் முடிந்துவிடுகிறது. 224ஆம் சுட்டெண்ணோ 896ஆம் பைட்டில், அதாவது அட்டவணை முடிந்து 384 பைட் தள்ளிப் படிக்கிறது. அங்கே நினைவகத்தில் இருந்தது விலைப்பட்டியல். வஞ்சிரம் கிலோ விலையான 900 ரூபாயை நிரல் முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே படிக்கப் போயிருக்கிறது.

அந்த 224 எங்கிருந்து வந்தது? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளாக எழுதப்படுகிறது; அவற்றில் முதல் பைட் எப்போதும் 224. 'வஞ்சிரம்' என்ற சொல்லில் மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் சேர்த்து 8 குறியீடுகள், ஆகவே 24 பைட்டுகள். தம்பியின் நிரல் ஒவ்வொரு பைட்டையும் 'சார்' வகை மாறியில் எடுத்து, அது பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் தமிழ் என்று பிரித்திருந்தது. இன்டெல் லினக்ஸில் வெறும் 'சார்' என்பது குறை எண்ணையும் ஏற்கும் வகை. அங்கே 224 என்ற பைட் குறை 32 ஆகிவிடும், சோதனை பலிக்கும். ஆர்ம் லினக்ஸில் வெறும் 'சார்' குறை எண்ணை ஏற்காது. 224 என்பது 224ஆகவே இருக்கும், சோதனை ஒருபோதும் பலிக்காது. பழைய ஆர்ம் ப்ராசஸர்களில் ஒரு பைட்டைக் குறியுடன் எடுக்கும் ஆணை கிடையாது; நான்காம் கட்டமைப்பில்தான் அது வந்தது. அந்த மரபு இன்றும் தொடர்கிறது. சி மொழியின் விதிப்படி இரண்டு வழக்கமும் சரியே. இரண்டில் ஒன்றை நம்பி எழுதியதுதான் தவறு.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்தோம்: 'எஃப்-சைன்ட்-சார்' என்ற கம்பைலர் விருப்பத்துடன் ஆர்முக்காக மறுபடி கட்டினோம். நிரல் ஓடியது. ஆனால் அதை நான் தீர்வாக ஏற்கச் சொல்லவில்லை, ஏனெனில் அடுத்த முறை வேறொருவர் அந்த விருப்பம் இல்லாமல் கட்டுவார். மாறியை 'அன்சைன்ட் சார்' என்று வெளிப்படையாக அறிவித்து, 'பூச்சியத்துக்குக் கீழ்' என்ற சோதனையை '127க்கு மேல்' என்று மாற்றுவதே திருத்தம். 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' விருப்பத்தை முன்பே கொடுத்திருந்தால், இந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்று ஆர்ம் கம்பைலரே எச்சரித்திருக்கும். தமிழில் அச்சிடும் நிரல் எழுதுகிற எவருக்கும் இந்தப் பிழை காத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறுபாடுகள் இன்னும் சில உண்டு. முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் இன்டெல் வகையில் நிரல் சிக்னல் 8இல் நிற்கும். 64 பிட் ஆர்மில் விடை பூச்சியம். ரிஸ்க்-ஃபைவில் எல்லாப் பிட்டும் ஒன்று. மிகப் பெரிய தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும்போதும் ஆர்மும் இன்டெலும் வேறுவேறு விடை தரும்.

ஆறாம் படி: ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால்

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைகளை) சந்தேகியுங்கள். 'டாஸ்க்செட்' கட்டளையால் ப்ராசஸரின் ஒரே ஒரு கோரில் மட்டும் கட்டிப்போட்டு இருபது முறை ஓட்டுங்கள். அப்போது நிற்காமல் ஓடினால், ஒரே தரவை இரண்டு த்ரெட்கள் பூட்டில்லாமல் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

இங்கே திசையும் முக்கியம். இன்டெல் வகை ப்ராசஸர், நினைவகத்தில் எழுதியவை மற்றக் கோர்களுக்குத் தெரியும் வரிசையைக் கண்டிப்பாகக் காக்கும். ஆர்ம் அவ்வளவு கண்டிப்புக் காட்டாது. ஆகவே ஆர்ம் நிரலை இன்டெல் கணினியில் பாவனை செய்யும்போது வரிசைப் பிழைகள் மறைந்துகொள்ளக்கூடும். போர்டில் ஏற்றியபின்தான் அவை தலைகாட்டும். எதிர்த்திசையில், ஆர்ம் போர்டில் பாக்ஸ்64 போன்ற எமுலேட்டரால் இன்டெல் நிரலை ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தளர்வே க்ராஷாக வரும். பாக்ஸ்64இல் 'டைனரெக் ஸ்ட்ராங்மெம்' என்ற சூழல் மாறி இதற்காகவே இருக்கிறது; வேகம் குறையும், ஆனால் வரிசை காக்கப்படும். ராஸ்ப்பெர்ரி பை 5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: அதன் இயல்பான கெர்னல் நினைவகத்தை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கிறது, இன்டெல் நிரல்களோ 4 கிலோபைட் பக்கத்தை எதிர்பார்க்கின்றன. தொடக்க அமைப்புக் கோப்பில் 'கெர்னல்8' என்பதைத் தேர்ந்தால் 4 கிலோபைட் கெர்னல் ஏறும்.

ஏழாம் படி: எமுலேட்டரையே சந்தேகிக்கும் நேரம்

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் கிடைக்காவிட்டால் மட்டும் இங்கே வாருங்கள். கியூஎமுவின் 8.1ஆம் பதிப்பு முதல் 'ஒன்-இன்ஸ்ன்-பர்-டிபி' என்ற விருப்பம் உண்டு. அதற்கு முன்பு அதன் பெயர் 'சிங்கிள்ஸ்டெப்'. இது ஆணைகளைத் துண்டு துண்டாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கச் செய்யும். இதனால் நடத்தை மாறினால் மொழிபெயர்ப்பின்மேல் சந்தேகம் வலுக்கும். பாக்ஸ்64இல் 'டைனரெக்' மாறிக்குப் பூச்சியம் கொடுப்பதும் இதே நோக்கத்துக்கு உதவும். பிறகு கியூஎமுவின் ஹைஃபன் டி விருப்பத்தில் 'இன்_ஏஎஸ்எம்', 'சிபியூ' ஆகியவற்றைக் கொடுத்து, பெரிய டி விருப்பத்தால் வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள். கோப்பு மளமளவென்று வளர்ந்துவிடும் என்பதால் க்ராஷை உண்டாக்கும் மிகச் சிறிய உள்ளீட்டுடன் மட்டும் இதைச் செய்யுங்கள். சந்தேகத்துக்குரிய ஆணையைக் கண்டதும், அதை மட்டும் செய்யும் பத்து வரி நிரல் எழுதி, எமுலேட்டரிலும் உண்மையான போர்டிலும் ஓட்டி ரெஜிஸ்டர் மதிப்புகளை ஒப்பிடுங்கள். மதிப்புகள் மாறுபட்டால் அந்தப் பத்து வரியும், எமுலேட்டர் பதிப்பு எண்ணும், நீங்கள் தட்டிய முழுக் கட்டளையும், இரண்டு பக்கத்து விடையும் சேர்ந்த அறிக்கையை அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்பலாம். முழு நிரலையும் அனுப்பினால் அவர்கள் உங்கள் வேலையை முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கும்.

கடைசியாக, எமுலேட்டரில் ஓடிவிட்டதாலேயே போர்டிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கால் வகுபடாத ஒழுங்கற்ற முகவரியிலிருந்து நான்கு பைட்டை எடுக்கும் நிரலை எமுலேட்டர் பொறுத்துக்கொள்ளலாம். போர்டில் அதுவே சிக்னல் 7 ஆகலாம். நினைவகத்தில் ஆணைகளைத் தானே எழுதி ஓட்டும் நிரல், ப்ராசஸரின் ஆணைக் கேஷை (ஆணைகளின் நகலை வைத்திருக்கும் இடத்தை) சுத்தம் செய்ய மறந்திருந்தாலும் எமுலேட்டரில் ஓடும், ஆர்ம் போர்டில் பழைய ஆணையையே ஓட்டி விழும். எங்கள் மாடி அறையில் உள்ள ஒரே போர்டை இதற்காகத்தான் மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். அன்று ஒவ்வொருவரும் அந்த மாதம் முழுவதும் எமுலேட்டரில் எதிர்கொண்ட க்ராஷ்களின் உள்ளீட்டுக் கோப்புகளையெல்லாம் எடுத்து வந்து, திருத்திய நிரலை போர்டில் ஏற்றி, அதே வரிசையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பில் நிரலுக்கான கோப்பில் முதல் வரி இன்றும் 'வஞ்சிரம்' தான்.